‘குவைட்’ என்றால் எவ்வளவு? ஒரு சின்னச் சொல்லுக்கு முழுமையான வழிகாட்டி

சென்ற மழைக்காலத்தில் என்னிடம் ஆங்கிலம் படிக்கும் பெண் ஒருத்தி முகம் வாடி வந்தாள். யாங்கூனில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறாள். மேலாளர் இங்கிலாந்துக்காரர். அவள் தயாரித்த மாத அறிக்கையைப் பார்த்துவிட்டு அவர் அனுப்பிய மின்னஞ்சலில் ‘த ரிப்போர்ட் இஸ் குவைட் குட்’ என்று இருந்தது, கூடவே ஓர் இணைப்பும் இருந்தது. ‘குவைட்’ என்றால் ‘மிகவும்’ என்று பள்ளியில் எழுதி வைத்துக்கொண்டது அவளுக்கு நினைவிருந்தது. அறிக்கை மிக நன்றாக வந்திருக்கிறது என்று வீட்டில் சொன்னாள். அம்மா பாயசம் வைத்தார்கள். இணைப்பைத் திறந்து பார்க்கவே இல்லை. நான்கு நாள் கழித்து மேலாளர் கேட்டாராம், திருத்தின அறிக்கை எங்கே என்று. அந்த இணைப்பில் பதினோரு திருத்தங்கள் இருந்திருக்கின்றன.

“சயா, குவைட் குட்னா நல்லதுதானே?” என்று கேட்டாள். சயா என்றால் பர்மியத்தில் ஆசிரியர். என் மாணவர்கள் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆமாம் அம்மா, நல்லதுதான். எவ்வளவு நல்லது என்பதில்தான் சிக்கல்.

அவள் மேல் தப்பே இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யும் பழக்கம் நம்மிடையே ஊறிப்போனது. அதற்குக் காரணமும் உண்டு. பர்மாவில் 1960களில் பள்ளிகள் அரசுடைமை ஆனபின் ஆங்கிலம் ஐந்தாம் வகுப்பில்தான் தொடங்கியது. 1981இல்தான் மழலை வகுப்புக்குத் திரும்பி வந்தது. இடையில் படித்தவர்கள் காதால் கேட்டுப் பழகாமல் பட்டியலாகவே ஆங்கிலத்தைக் கற்றார்கள், பிள்ளைகளுக்கும் பட்டியலாகவே கொடுத்தார்கள். ‘குவைட்’ மாதிரியான சொல்லுக்கு மட்டும் அந்தப் பட்டியல் உதவாது. அதற்கு நேர் எதிரான இரண்டு அளவுகள் உண்டு. ஓர் இடத்தில் ‘ஓரளவு’, இன்னோர் இடத்தில் ‘முழுக்க முழுக்க’. எந்த இடத்தில் எது என்பதைப் பக்கத்தில் நிற்கும் சொல்தான் தீர்மானிக்கிறது.

முதல் படி: சொல்லை வாயில் சரியாகப் பிடியுங்கள்

‘குவைட்’ ஒரே அசை. ஒரு கை தட்டுக்குள் முடிந்துவிட வேண்டும். ‘குவை-யட்’ என்று இரண்டு தட்டு வந்தால் அது வேறு சொல், ‘அமைதி’ என்று அர்த்தம். எழுத்திலும் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நம் சொல் கியூ, யு, ஐ, டி, ஈ. அமைதிக்கு கியூ, யு, ஐ, ஈ, டி. கடைசி இரண்டு எழுத்து இடம் மாறினால் ‘அறிக்கை அமைதியாக நன்றாக இருக்கிறது’ என்று போய்விடும்.

கடைசி ‘ட்’டில் நமக்கு இரண்டு பக்கமும் இடி. தமிழ் நாக்கு ‘குவைட்டு’ என்று ஓர் உகரம் சேர்க்கும். பர்மிய நாக்கு அந்த ‘ட்’டைத் தொண்டையிலேயே நிறுத்திவிடும், ஏனென்றால் பர்மியத்தில் சொல்லின் கடைசியில் ட், க், ப் என்று வாய்விட்டு முடிவதில்லை, தொண்டை அடைப்பாகத்தான் முடியும். நாக்கு நுனியை மேல்பல் ஈறில் வைத்து, ‘ட்’ கேட்டதும் விட்டுவிடுங்கள். பத்து முறை சொன்னால் பழகிவிடும்.

இரண்டாம் படி: டீக்கடைக்குப் போவோம்

அளவைப் பற்றிப் பாடம் எடுக்க எங்கள் ஊர் டீக்கடையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்ததும் சும்மா கிடைக்கும் பச்சைத் தேயிலைத் தண்ணீர் ஃபிளாஸ்க் மேசையில் இருக்கும். பால் டீ வேண்டுமென்றால் ‘ஒரு டீ’ என்று சொல்லி முடிக்க முடியாது. எவ்வளவு இனிப்பு, எவ்வளவு கடுப்பு, எவ்வளவு பால் என்று சொல்ல வேண்டும். இனிப்பும் பாலும் தூக்கலாக வேண்டுமா, ‘சோ செய்ன்’. இனிப்பு குறைவாக, சாயம் கடுப்பாக வேண்டுமா, ‘பொ ச்சா’. இனிப்பு குறைவு ஆனால் பால் கெட்டி என்றால் ‘பொ செய்ன்’. பையன் உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுப்பான், அதே அளவில் வந்துவிடும். அளவுச் சொல்லின் வேலை என்ன என்று இந்தக் கோப்பைகளை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

ஆங்கிலத்தில் ஒரு டீயைப் பற்றிச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

‘அ பிட் ஸ்வீட்’: லேசாக இனிப்பு.
‘ஃபேர்லி ஸ்வீட்’: ஓரளவு இனிப்பு.
‘குவைட் ஸ்வீட்’: இனிப்பாகவே இருக்கிறது.
‘வெரி ஸ்வீட்’: ரொம்ப இனிப்பு.
‘டூ ஸ்வீட்’: குடிக்க முடியாத இனிப்பு.

‘குவைட்’ ‘ஃபேர்லி’க்கு ஒரு படி மேலே, ‘வெரி’க்கு ஒரு படி கீழே நிற்கிறது. ‘ரேதர்’ என்று ஒன்றும் உண்டு. நினைத்ததைவிட அதிகம் என்ற சாயல் அதில் இருக்கும், பெரும்பாலும் குறையாகச் சொல்லும்போது வரும். இப்போதைக்கு அதைத் தள்ளி வைப்போம்.

‘இனிப்பாகவே’ என்று நான் எழுதியதைக் கவனித்தீர்களா? அந்த ‘ஏ’தான் முக்கியம். ‘குவைட்’டுக்குத் தமிழில் தனிச்சொல் தேடி அலைய வேண்டாம். நம்மிடம் ஏகாரம் இருக்கிறது. ‘படம் நன்றாக இருக்கிறது’ என்பதற்கும் ‘படம் நன்றாகவே இருக்கிறது’ என்பதற்கும் என்ன வித்தியாசமோ, அதுதான் ‘குட்’டுக்கும் ‘குவைட் குட்’டுக்கும் உள்ள வித்தியாசம். ‘தூரமாகவே இருக்கிறது’ என்றால் ‘குவைட் ஃபார்’. ‘சீக்கிரமாகவே வந்துவிட்டான்’ என்றால் ‘குவைட் அர்லி’. அகராதியில் போட்டிருக்கும் ‘மிகவும்’ என்பதைவிட இந்த ஏகாரம் எவ்வளவோ நெருக்கம். பர்மியம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபம். ‘தோதோ கௌங் தே’ என்று சொல்வோமே, அந்த ‘தோதோ’தான் இது.

மூன்றாம் படி: அடுத்த சொல்லைப் பாருங்கள்

இந்தப் படி புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இனிப்பு, சூடு, பெரியது, நல்லது, தூரம் இவையெல்லாம் ஏறி இறங்கும் சொற்கள். கொஞ்சம் சூடு, இன்னும் சூடு, ரொம்பச் சூடு என்று போய்க்கொண்டே இருக்கலாம். இவற்றின் முன்னால் வந்தால் ‘குவைட்’ நடுத்தர அளவு, அதாவது நாம் பார்த்த ஏகாரம்.

இன்னொரு வகை இருக்கிறது. முடிந்துவிட்டது, காலி, செத்துவிட்டது, நடக்கவே நடக்காது. இவற்றில் ஏற்ற இறக்கம் கிடையாது. ‘ஃபினிஷ்ட்’, ‘எம்ப்டி’, ‘டெட்’, ‘இம்பாஸிபிள்’, ‘பெர்ஃபெக்ட்’ எல்லாம் எல்லைக்கோட்டில் நிற்கும் சொற்கள். இவற்றின் முன்னால் ‘குவைட்’ வந்தால் ‘முழுக்க’, ‘அடியோடு’ என்று அர்த்தம் மாறிவிடுகிறது. ‘த பாட்டில் இஸ் குவைட் எம்ப்டி’ என்றால் ஒரு சொட்டு இல்லை. ‘இட்ஸ் குவைட் இம்பாஸிபிள்’ என்றால் கொஞ்சம் கஷ்டம் என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அது ‘முடியவே முடியாது’. பர்மியத்தில் இந்த இடத்துக்கு ‘தோதோ’ ஒத்துவராது, ‘லோன்வ’ வரும். ‘லோன்வ மஹொபூ’ என்று அழுத்திச் சொல்வோமே, அந்த ‘லோன்வ’.

எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்தச் சொல்லின் தமிழை எடுத்து முன்னால் ‘ரொம்ப’ போட்டுப் பாருங்கள். ரொம்பச் சூடு, சரி. ரொம்பப் பெரியது, சரி. ரொம்ப முடிந்துவிட்டது? காதுக்கு ஒட்டவில்லை. அப்படியென்றால் அது எல்லைச் சொல், ‘குவைட்’ அங்கே ‘முழுக்க’.

பத்தில் ஒன்பது முறை இந்தச் சோதனை கைகொடுக்கும். கைகொடுக்காத சில சொற்களைத் தனியாக நினைவில் வையுங்கள். ‘டிஃபரென்ட்’ அவற்றில் முதல். ரொம்ப வித்தியாசம் என்று நாம் சொல்வோம், ஆனால் ‘குவைட் டிஃபரென்ட்’ என்றால் பெரும்பாலும் ‘முற்றிலும் வேறு’ என்றுதான் அர்த்தம். ‘ஐ ஆம் குவைட் ஷ்யூர்’ என்பதும் முழு நிச்சயம், சந்தேகமே இல்லை. ‘குவைட் ரைட்’ என்றால் முழுக்கச் சரி. ‘தட்ஸ் குவைட் எனஃப்’ என்று ஒருவர் குரலை உயர்த்தினால், போதும் நிறுத்து என்கிறார்.

ஏன் இப்படி இரண்டு முகம்? இந்தச் சொல்லின் பிறப்பு அதைச் சொல்லும். பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்றிலிருந்து வந்தது. கடன் தீர்ந்தவன், விடுபட்டவன் என்று பொருள். பதினான்காம் நூற்றாண்டில் ‘குவைட்’ என்றால் ‘முழுக்க’ மட்டும்தான், கணக்குத் தீர்ந்தது என்று சொல்வோமே, அந்த மாதிரி. ‘ஓரளவு’ என்ற மெலிந்த அர்த்தம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பரவியது. பழைய அர்த்தம் போகவில்லை, புதியது பக்கத்தில் குடி வந்துவிட்டது. என் தாத்தா 1948 விடுதலைக்கு முன் ரங்கூனில் பள்ளிக்குப் போனவர். யாராவது ஒரு கருத்தைச் சொன்னால் தலையை ஆட்டி ‘குவைட் ஸோ’ என்பார். சின்ன வயதில் எனக்கு அது ‘ஏதோ ஓரளவு சரி’ என்று பட்டது. அவர் சொன்னது ‘முழுக்கச் சரி’ என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. இன்று அப்படிப் பேசினால் பழைய காலத்து வாசனை அடிக்கும், நீங்கள் பயன்படுத்த வேண்டாம். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: அழுத்தம் எங்கே விழுகிறது?

இது பேச்சுக்கு மட்டும். ‘குவைட் குட்’ என்பதில் ‘குட்’டை அழுத்திச் சொன்னால் நன்றாகவே இருக்கிறது, மகிழலாம். ‘குவைட்’டை அழுத்தி, குரலை லேசாகத் தொங்கவிட்டால் ‘நல்லாத்தான் இருக்கு...’ என்று நாம் இழுப்போமே, அது. அடுத்து ஓர் ‘ஆனால்’ வரும். நம் வீடுகளில் மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்த அத்தை ‘பையன் நல்லாத்தான் இருக்கான்’ என்று சொன்னால் யாராவது சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களா?

மின்னஞ்சலில் குரல் கேட்காது. அங்கே பிரிட்டிஷ்காரர் ஒருவர் ‘குவைட் குட்’ என்று எழுதினால், பின்னால் திருத்தம் இருக்கிறதா என்று தேடுங்கள். அமெரிக்கர் எழுதினால் கதை வேறு. அவர்கள் வாயில் ‘குவைட்’ ‘வெரி’க்கு நெருக்கமாகவே நிற்கும், பாராட்டை அப்படியே வாங்கிக்கொள்ளலாம். சிங்கப்பூர், மலேசியா போகும் நம் பிள்ளைகள் பிரிட்டிஷ் வழியையே எதிர்பாருங்கள், அங்கே பள்ளி ஆங்கிலம் அந்த வழியில் வந்தது.

என் சொந்தக் கருத்தைச் சொல்கிறேன். ஒருவருடைய வேலையையோ சமையலையோ பாராட்டும்போது ‘குவைட்’டைத் தொடாதீர்கள். ஒரு வீட்டில் டான்பௌக் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ‘இட்ஸ் குவைட் நைஸ்’ என்றால், மூன்று மணி நேரம் அடுப்படியில் நின்றவருக்கு ‘பரவாயில்லை’ என்று கேட்கும். ‘வெரி’, ‘ரியலி’ என்று தாராளமாகச் சொல்லுங்கள். விவரம் சொல்லும் இடங்களில் ‘குவைட்’ அழகாக உட்காரும்: கடை குவைட் நியர், ரோடு குவைட் நேரோ.

ஐந்தாம் படி: ‘நாட் குவைட்’

வேலைக்குப் போகிறவர்களுக்கு மிகவும் பயன்படும் இரண்டு சொற்கள் இவை. ‘இல்லை’ சேர்ந்தால் ‘குவைட்’ எப்போதும் ‘முழுக்க’ என்ற அர்த்தத்தில்தான் நிற்கும். ‘ஐ ஆம் நாட் குவைட் ரெடி’ என்றால் கிட்டத்தட்ட தயார், இன்னும் ஒரு நூல் பாக்கி. சட்டை போட்டாயிற்று, செருப்பு மாட்டவில்லை. ‘இட்ஸ் நாட் குவைட் த சேம்’ என்றால் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் எங்கோ சின்ன வித்தியாசம். ‘ஐ டோன்ட் குவைட் அண்டர்ஸ்டாண்ட்’ என்பது ‘எனக்குப் புரியவில்லை’ என்பதைவிட மென்மை. முக்கால்வாசி புரிந்தது, மீதியைச் சொல்லுங்கள் என்ற பணிவு அதில் இருக்கிறது. பெரியவர்களிடமும் மேலதிகாரியிடமும் பேச இது நல்ல வழி.

இங்கே நம்மவர்கள் சறுக்கும் இடம் ஒன்று. ‘சாப்பாடு அவ்வளவு நன்றாக இல்லை’ என்று சொல்ல நினைத்து ‘நாட் குவைட் குட்’ என்கிறார்கள். ஆங்கிலக் காதுக்கு அது பாதியில் நின்ற வாக்கியம் மாதிரி கேட்கும். ‘அவ்வளவாக இல்லை’ என்பதற்கு ‘நாட் வெரி குட்’. ஒரு நூல் குறைகிறது என்றால் ‘நாட் குவைட் குட் எனஃப்’. அந்த ‘எனஃப்’ ஒரு எல்லையைப் போட்டுக் கொடுக்கிறது, எல்லை இருந்தால்தான் ‘நாட் குவைட்’ வேலை செய்யும்.

ஆறாம் படி: ‘அ’வுக்கு எந்தப் பக்கம்?

‘அ வெரி குட் டே’, ‘அ ஃபேர்லி குட் டே’. இவற்றில் ‘அ’ முன்னால் நிற்கிறது. ‘குவைட்’ மட்டும் அதைத் தாண்டி வெளியே போய் நிற்கும்: ‘குவைட் அ குட் டே’. வாயில் இரண்டையும் சேர்த்து ‘குவைட்ட குட் டே’ என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள், அப்புறம் தப்பு வராது.

இந்த ‘குவைட் அ’ வைத்துச் சில கூட்டுகள் உண்டு, அர்த்தம் தனித்தனியாகப் பார்த்தால் கிடைக்காது. ‘குவைட் அ லாட்’, ‘குவைட் அ பிட்’ இரண்டும் ‘கணிசமாக’. ‘குவைட் சம் டைம்’ என்றால் ரொம்ப நேரம். ஆனால் ‘குவைட் அ ஃபியூ’ என்பதுதான் பொறி. ‘ஃபியூ’ என்றால் கொஞ்சம் என்று படித்திருப்போம். ‘குவைட் அ ஃபியூ’ என்றால் நிறைய! என் மாணவன் ஒருவன் அனோரத்தா சாலைக் காளி கோயிலில் திருவிழா அன்று கூட்டம் குறைவு என்று எழுத நினைத்து ‘தேர் வேர் குவைட் அ ஃபியூ பீப்பிள்’ என்று எழுதினான். படிப்பவருக்குக் கூட்டம் நிறைந்த கோயில்தான் கண்ணில் தெரியும். கூட்டம் குறைவு என்றால் ‘ஒன்லி அ ஃபியூ’.

ஒப்பிடும்போது ‘குவைட் பிக்கர்’ என்று வராது, ‘குவைட் அ பிட் பிக்கர்’ அல்லது ‘மச் பிக்கர்’. ‘குவைட் பெட்டர்’ ஒன்று மட்டும் விலக்கு. காய்ச்சல் விட்டு உடம்பு முழுக்கத் தேறிவிட்டது என்று சொல்ல அப்படிச் சொல்வார்கள்.

ஏழாம் படி: வினையோடு

இது கொஞ்சம்தான். ‘ஐ குவைட் லைக் இட்’ என்றால் எனக்குப் பிடிக்கவே செய்கிறது, நடுத்தர அளவு. ‘ஐ குவைட் அக்ரீ’ என்றால் முழுக்க ஒத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஒத்துக்கொள்வது ஆம் அல்லது இல்லை, நடுவில் இடமில்லை. வினைக்கு முன்னாலேயே வையுங்கள். ஓடினேன், தூங்கினேன், சாப்பிட்டேன் மாதிரியான வினைகளோடு ‘குவைட்’டைச் சேர்க்காதீர்கள், ‘குவைட் அ லாட்’ என்று கடைசியில் போடுங்கள்: ‘ஐ ஸ்லெப்ட் குவைட் அ லாட்’.

இப்போது பயிற்சி

நோட்டுப் புத்தகம் வேண்டாம். தினமும் டீக்கடையிலோ பஸ்ஸிலோ ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் படுகிற ஐந்து பொருள்களைப் பற்றி முதலில் தமிழில் ஏகாரத்தோடு சொல்லுங்கள்: ஸ்டூல் தாழ்வாகவே இருக்கிறது, சமோசா சூடாகவே இருக்கிறது. அதையே ஆங்கிலத்தில் ‘குவைட் லோ’, ‘குவைட் ஹாட்’. அப்புறம் எல்லைச் சொல் ஒன்றைத் தேடுங்கள்: கோப்பை முழுக்கக் காலி, ‘குவைட் எம்ப்டி’. கடைசியாக ஒரு ‘நாட் குவைட்’: மழை இன்னும் முழுசாக விடவில்லை, ‘த ரெய்ன் ஹாஸ் நாட் குவைட் ஸ்டாப்ட்’. முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றையும் பர்மியத்திலும் சொல்லிப் பாருங்கள். ‘தோதோ’ வருகிறதா, ‘லோன்வ’ வருகிறதா என்று நாக்கே சொல்லிவிடும்.

கீழே உள்ளவற்றில் எது ‘ஓரளவு’, எது ‘முழுக்க’ என்று நீங்களே கண்டுபிடியுங்கள்: ‘குவைட் கோல்ட்’, ‘குவைட் அலோன்’, ‘குவைட் டயர்ட்’, ‘குவைட் ராங்’. முதலாவதும் மூன்றாவதும் ஏறி இறங்குபவை. மற்ற இரண்டும் முழுக்க.

அந்தப் பெண் அடுத்த மாத அறிக்கைக்கு ஒரு நாள் கூடுதலாகக் கேட்க வேண்டியிருந்தது. ‘த ரிப்போர்ட் இஸ் நாட் குவைட் ஃபினிஷ்ட்’ என்று எழுதியிருந்தாள், நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. மேலாளரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: ‘தட்ஸ் குவைட் ஆல் ரைட்’. போனை என் முன்னால் நீட்டிக்கொண்டு அவளே சொன்னாள்: “ஆல் ரைட் எல்லைச் சொல்லு சயா. அப்போ முழுக்கத்தான்.”